அட்டையில் இருக்கிற முகம்

எங்கள் வீட்டில் பவுடர் போடாமல் யாரும் போட்டோவுக்கு நின்றதில்லை. குழந்தைக்கு மொட்டை அடித்த அன்றைக்கானாலும் சரி, ரேஷன் கார்டுக்குப் படம் பிடித்தாலும் சரி, முதலில் முகம் கழுவ வேண்டும், அப்புறம் பவுடர், அப்புறம் பொட்டு. இதில் என் அக்கா எல்லோருக்கும் ஒரு படி மேல். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தாள். வேப்பம்பட்டில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள் கைப்பையைத் திறந்து இரண்டு தடவையாவது கண்ணாடி பார்த்துவிடுவாள். நான் கிண்டல் செய்தால், "கக்கூஸ் கழுவ ஆள் வெச்சி மேய்க்கற வேலைன்னா மூஞ்சியும் அப்டியே இருக்கணுமா இன்னா?" என்று திருப்பிக் கேட்பாள்.

மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குப் படம் எடுக்கத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போன அன்று அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். வரிசையில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் புருஷன், எங்கள் மாமா, வானகரத்தில் லாரி ஷெட்டில் வாட்ச்மேன். அதிர்ந்து பேசாத மனுஷன். வெட்கம் தாங்காமல் நாலு பேர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். அட்டையில் விழுந்த முகம் அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டுகிற படம் போல இருந்தது. அவளுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது, அந்த அட்டையில் அவளும் மாமாவும் மட்டும்தான்.

அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மாவை நெஞ்சுவலியோடு தூக்கிக்கொண்டு போனபோது தனியார் ஆஸ்பத்திரிக்காரன் வாசற்படியைக்கூடத் தாண்ட விடவில்லை. ஆட்டோவிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினான், பாவி. அட்டை வந்த பிறகு அந்த வாசல் திறந்தது. மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் சேர்ந்து நடத்துகிறார்கள் என்றார்கள். யார் நடத்தினால் நமக்கென்ன, எங்கள் தெருவில் எத்தனையோ பேருக்கு அந்த அட்டையால் இதயத்தில் அடைப்பு நீங்கியிருக்கிறது, பித்தப்பையில் கல் போயிருக்கிறது. ஆனால் வாசலுக்கு உள்ளே எங்களுக்கு நடந்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

போன மழைக்காலம் முடிகிற சமயம் அக்காவுக்கு இருமல் வந்தது. ஏற்கெனவே சர்க்கரை உண்டு. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தாள். ஒருநாள் காலை அம்பத்தூர் ஸ்டேஷன் படியில் பாதி ஏறும்போதே உட்கார்ந்துவிட்டாள். நானும் அதே எஸ்டேட்டில்தான் ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். யாரோ அவள் போனிலிருந்து கூப்பிட்டுச் சொல்ல, போட்டது போட்டபடி ஓடினேன். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

"இன்னாடி இப்டி முழிக்கிற? ஒண்ணும் இல்ல, மூச்சுதான் கொஞ்சம் இஸ்துகினு கீது" என்றாள்.

மாமா வேலை செய்கிற ஷெட்டுக்குப் பக்கத்தில், பைபாஸை ஒட்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அட்டையை எடுத்துக்கொள்வார்கள் என்று மாமா சொன்னார். ஆட்டோ பிடித்துப் போனோம். உள்ளே நுழைந்ததும் அங்கே கேட்ட முதல் கேள்வி நோய் என்ன என்பதில்லை. "கேஷா, கார்டா?" என்று கேட்டார்கள். கார்டு என்றதும் கையில் பச்சைப் பட்டை கட்டினார்கள், கேஷ்காரர்களுக்கு வேறு நிறம்.

பொய் சொல்லக்கூடாது, உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், சின்ன வயசுக்காரர், எங்களை நிற்க வைத்துப் பொறுமையாகவே சொன்னார். "ரெண்டு பக்க நுரையீரல்லயும் நிமோனியா. சர்க்கரை வேற இருக்கறதால மெதுவாத்தான் ஆறும். ஆக்சிஜன் இல்லாம மூச்சு நிலைச்சு நிக்கிற வரைக்கும் இவங்கள வீட்டுக்கு அனுப்பவே கூடாது." நானும் மாமாவும் தலையாட்டினோம். எங்களுக்கு வேண்டியதும் அது ஒன்றுதான், அக்கா தானாக மூச்சு விடுகிற வரை அந்தப் படுக்கையில் இருக்க வேண்டும்.

கார்டு வார்டு இரண்டாவது மாடி. கேஷ் வார்டு அதற்கு மேலே. இரண்டுக்கும் ஒரே டாக்டர், ஒரே மருந்து, ஒரே ஆக்சிஜன் என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் மேலே ஒவ்வொரு அறைக்கும் மணி அடித்தால் ஆள் வருவார். கீழே வார்டு முழுக்க ஒரே நர்ஸ், பாவம், அந்தப் பெண் சாப்பிட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஸ்கேனுக்குக் கொண்டுபோனால் மேலேயிருந்து ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தவுடன் எங்கள் ஸ்ட்ரெச்சர் சுவரோரம் ஒதுங்கும். அக்கா மாஸ்க்குக்குள்ளிருந்து, "நம்ம ட்ரெயின லூப் லைன்ல போட்டுட்டு எக்ஸ்பிரஸ்ஸ உடறான் பாரு" என்பாள். மூச்சு வாங்கிக்கொண்டே அவள் கிண்டல் அடித்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

சில நாளில் காய்ச்சல் இறங்கியது. இட்லி இரண்டு வாய் சாப்பிட்டாள். ஆனால் மாஸ்க்கை எடுத்தால் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளக்கிற கிளிப் மெஷின் கத்த ஆரம்பித்துவிடும். அந்தச் சமயம்தான் காப்பீட்டு மேசையிலிருந்து ஆள் வந்தார்.

கீழே ஒரு மூலையில் அந்த மேசை. அட்டைக்காரர்களின் விவகாரம் முழுக்க அங்கேதான். அதில் இருந்தவர் நடுவயசுக்காரர், நாள் முழுக்கப் போனும் கையுமாக ஓடிக்கொண்டிருப்பார். அவர் சொன்னது இதுதான். இந்த மாதிரி நோய்க்குத் திட்டத்தில் முதலில் கொஞ்ச நாளுக்குத்தான் அனுமதி. மேற்கொண்டு இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் டாக்டர் ரிப்போர்ட்டோடு, நோயாளி படுக்கையில் இருக்கிற போட்டோவையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் சரி என்றால்தான் நாட்கள் நீளும்.

"எதுக்கு சார் போட்டோ? ஆளு இங்கதானே படுத்துகினு கீறாங்க?" என்று கேட்டேன்.

"ஆளே இல்லாம பில்லு போடற ஆஸ்பத்திரியெல்லாம் இருக்கும்மா. படுக்காதவன படுத்தான்னு எழுதிப் பணம் வாங்கிட்டாங்க. அதுக்கப்பறம்தான் போட்டோ கட்டாயம்னு வெச்சாங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

அவர் போனிலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். மாஸ்க்கோடு, வாராத தலையோடு, மருந்தில் ஊதிப்போன முகத்தோடு அக்கா படுத்திருந்த படம். மறுநாள் அது திரும்பி வந்துவிட்டது. அட்டையில் இருக்கிற முகத்துக்கும் படத்தில் இருக்கிற முகத்துக்கும் ஒற்றுமை தெரியவில்லை, தெளிவான படம் அனுப்பவும் என்று கேட்டிருந்தார்களாம். பதில் போகிற வரை விலை கூடிய ஊசியை நிறுத்தி வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து நர்ஸுக்குச் சொல்லிவிட்டார்கள். இது என்ன நியாயம் என்று கேட்டேன். மேசைக்காரரோ எங்கள் மேல் எரிந்து விழுந்தார்.

"மூஞ்சி தெளிவாத் தெரியணும்மா. கார்டுல இருக்காங்களே, அதே மாதிரி இருக்கணும். மத்தியானம் வர்றேன், ரெடியா இருங்க" என்றார்.

ரெடியா இருங்க என்று அக்காவிடம் சொல்லலாமா? அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்! அவர் போனதும் என்னை விரட்டினாள். "என் பைய எடு. சீப்பு எடு. கார்டுல இன்னா பொட்டு வெச்சினு கீறேன் பாரு, செவப்பா, மெரூனா?" மாஸ்க்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கன்னத்துக்குப் பவுடர் ஒற்றினாள். ஆஸ்பத்திரி அங்கியின் மேல் தோளைச் சுற்றி என் துப்பட்டாவை வாங்கிப் போட்டுக்கொண்டாள். நடுவகிடு எடுத்துச் சீவிக் கொண்டை போடச் சொன்னாள். அட்டையைத் தலையணை மேல் வைத்து, கண்ணாடியையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மாமா ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாள் கழித்து அன்றுதான் அவர் சிரித்தார்.

மேசைக்காரர் வந்து போனை நீட்டினார். அக்கா மாஸ்க்கைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அட்டையைக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு நொடி, பட்டுப்புடவை ஒன்றுதான் குறை, அப்படியே அந்த முகம். "சூப்பர், க்ளியரா இருக்கு" என்றார் அவர். அதற்குள் கிளிப் மெஷின் கத்தியது, நர்ஸ் ஓடி வந்து, "யார் மாஸ்க் எடுத்தது?" என்று சத்தம் போட்டாள். அக்கா தலையணையில் சரிந்து, வாயைப் பிளந்து காற்றுக்கு அல்லாடினாள். மாஸ்க்கை வைத்துவிட்டு நெடுநேரம் முதுகை நீவினேன். படமெடுத்தவர் அதற்குள் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

மறுநாள் முற்பகலில் என்னையும் மாமாவையும் கீழே கூப்பிட்டார்கள். மேசைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார். "ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா. பேஷண்ட் நல்லா இருக்காங்க, எழுந்து உக்காந்திருக்காங்க, ஆக்சிஜன் எதுவும் இல்ல, மேற்கொண்டு ஆஸ்பத்திரியில வெச்சிக்கத் தேவை இல்லன்னு போட்டிருக்காங்க. இன்னிக்கு டிஸ்சார்ஜ்."

எனக்கு முதலில் புரியவேயில்லை. புரிந்ததும் மேசையை ஓங்கி அடித்தேன். "இன்னா சார் பேசறீங்க? நீங்கதானே சார் கார்டுல இருக்கற மாதிரி இருக்கணும்னீங்க? நீங்கதானே நின்னு எடுத்தீங்க? அது முடிஞ்சதும் மூச்சுக்கு எப்டித் துடிச்சாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? அந்தப் பாவிங்கள மேல வந்து பாக்கச் சொல்லுங்க!"

"யாரு வருவாங்க? எங்கயோ ஒரு ஊர்ல உக்காந்து பாக்கறாங்க. ஒருத்தர் ஒரு நாளைக்கு எத்தன கேஸ் பாப்பாரு, சொல்லுங்க" என்றார். குரல் தணிந்திருந்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"ரிப்போர்ட்ல டாக்டர் எழுதியிருப்பாரே?"

"எழுதியிருக்காரு. ரிப்போர்ட்டும் போட்டோவும் வேற வேற சொன்னா போட்டோவத்தான் நம்பறாங்க. ரிப்போர்ட்டுல பொய் எழுதிப் பழக்கிட்டாங்க இல்ல, மத்தவங்க."

"அப்ப மாஸ்க்கோட இன்னொரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நேத்து சிரிச்சிகிட்டிருந்த ஆளு இன்னிக்கு மாஸ்க்கோட இருந்தா, நாங்கதான் மாட்டிவிட்டு நடிக்க வெக்கறோம்னு சொல்லுவான்மா. அப்பீல் போடலாம். அது வர்ற வரைக்கும் படுக்கைய கேஷ்ல மாத்திக்கணும்." எங்களால் முடியாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

டாக்டரைத் தேடிப் பிடித்தேன். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். நிர்வாகத்தில் சொல்லிப் பார்த்ததாகவும், பணம் வராத நாளைக்குக் கார்டு வார்டில் ஆளை வைத்தால் தன் தலைதான் உருளும் என்றும் சொன்னார். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. நேரா பெரிய கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. அங்க போட்டோ கேக்கமாட்டாங்க, ஆக்சிஜன் வெப்பாங்க" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு யோசனை சொன்னவர் அவர் ஒருவர்தான், அவரையும் நான் அன்றைக்குத் திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

கடிதத்தோடு மேலே ஓடினேன். எனக்கு முன்னால் மாமா போய்ச் சேர்ந்திருந்தார். அவர் நல்ல மனுஷன். பொண்டாட்டி பயந்துவிடக் கூடாதே என்று விஷயத்தைத் தன் பாணியில் சொல்லியிருந்தார். அக்கா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பூரித்துச் சொன்னாள்: "கேட்டியாடி? கவர்மென்ட்டே பாத்துட்டு சொல்லிட்டானாம், நான் நல்லா ஆயிட்டேன்னு!"

நான் கடிதத்தை அவள் முன்னால் நீட்டினேன். "அக்கா, அது அப்டி இல்ல. பவுடர் போட்டுகினு உக்காந்த இல்ல, அதப் பாத்துட்டு சொல்றாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம், டாக்டர் லெட்டர் குடுத்துகீறாரு" என்றேன்.

"சும்மா இருடி. தெனம் ஆயிரம் பேரப் பாக்கறவனுக்குத் தெரியாதா, உனக்குத் தெரியுமா? அங்க போனா தரையில போடுவான். நல்லா ஆனவள எதுக்கு அங்க இட்டுகினு போற?" என்றாள். நான் கெஞ்சினேன், கத்தினேன், மாமாவைச் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். மாமா, "அவ்ளோ பெரிய எடத்துல பாத்து சொன்னது தப்பா இருக்குமா?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். படிக்காத குறை, வேறென்ன? கம்ப்யூட்டரில் இருந்து வந்தது என்றால் அது சாமி சொன்ன மாதிரி அவருக்கு. மாத்திரைப் பையும் ஒரு இன்ஹேலரும் கொடுத்து அனுப்பினார்கள்.

பூந்தமல்லி வந்ததும் அக்கா ஆட்டோவை நிறுத்தச் சொல்லி மல்லிப்பூ வாங்கி வைத்துக்கொண்டாள். வீட்டில் இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடினார்கள். எல்லோரிடமும் அதையே சொன்னாள், கவர்மென்ட்டே சொல்லிவிட்டான் என்று. அடுத்த நாள் அடுப்பண்டை நின்று ரசம் வைக்கிறேன் என்று கிளம்பியவளைப் பிடித்து உட்கார வைத்தேன். மூச்சு இரைத்தது. "ரொம்ப நாள் படுத்தே கெடந்தேன் இல்ல, அதான்" என்றாள். நான் மறுபடியும் அந்தக் கடிதத்தை எடுத்தேன், மறுபடியும் திட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்தபோது மாமா செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். நான் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறேன். போய்ப் பார்த்தால் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இருந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை, உதடு மறுபடியும் நீலம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம், சீக்கிரமே வந்தார்கள். ஏற்றியதுமே மாஸ்க் வைத்தார்கள். திருநின்றவூர் தாண்டும்வரை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்க்கை விலக்கி ஏதோ சொல்ல வந்தாள், வேண்டாம் என்று நான் தடுத்தேன். கேட்கவில்லை.

"நல்லா கீறேன்னுதானேடி... சொன்னாங்க" என்றாள்.

அதில் கோபம் இல்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். ஆவடி வருவதற்குள் பிடி தளர்ந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கிப் பார்த்தவர்கள் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

அவளைக் குளிப்பாட்டி, முகத்தில் மஞ்சள் பூசி அனுப்பி வைத்தோம். காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகு பல நாள் வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு நல்லது எது, கழிவு எது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மேசைக்காரர் முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். எங்கேயோ உட்கார்ந்து பார்த்தவர் தன் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். பொய் பில் போட்ட எவனோ ஒரு ஆஸ்பத்திரிக்காரன் நன்றாகத்தான் இருப்பான். இவர்களில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், இரண்டாவது மாடிக்கு ஏறி வந்து அவள் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் போதுமே என்று நினைக்கும்போது மட்டும் வயிறு எரிகிறது.

இந்த வருஷம் பக்ரீத் கழிந்ததும் என்னோடு செக்கிங்கில் இருக்கிற பூந்தமல்லி பெண் ஒருத்தி போன் செய்தாள். டெய்லர் கடை வைத்திருக்கிற அவள் புருஷனை அட்டையின் பேரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், அவருக்கும் நெஞ்சில் சளி கட்டி ஆக்சிஜன். "இன்னிக்கு எக்ஸ்டென்ஷன் போட்டோவாம். தாடிய ட்ரிம் பண்ணி, புது ஜிப்பா போட்டு வுட்டுகீறேன், பாரேன்" என்று வீடியோவில் காட்டினாள். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து எனக்கு சலாம் வேறு வைத்தார்.

நான் போனிலேயே கத்தினேன். "அய்யோ, மொதல்ல ஜிப்பாவக் கழட்டு. தலையக் கலைச்சி வுடு. முகத்தத் தொடைக்காத. படுக்கச் சொல்லு, மாஸ்க்கு எடுக்கவே கூடாது, கார்ட நெஞ்சு மேல வெய்யி. போன நீட்டும்போது சிரிச்சாருன்னா நானே வந்து அறைவேன்னு சொல்லு" என்றேன். அவள் பயந்துபோய் அப்படியே செய்தாள். அங்கிருந்த காப்பீட்டு மேசையில் முகம் சரியாகத் தெரியவில்லை என்று ஏதோ முனகினார்களாம், ஆனால் அனுமதி வந்துவிட்டது. அவர் இரண்டு வாரத்தில் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார்.

இப்போது எங்கள் கம்பெனியில் யார் வீட்டில் யார் படுத்தாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். நானும் சலிக்காமல் சொல்கிறேன், தலை வாராதே, எழுந்து உட்காராதே, பிழைக்க வேண்டுமென்றால் சாகப்போகிறவள் மாதிரி படுத்திரு என்று. எல்லோரும் கேட்டுக்கொள்கிறார்கள். அக்காவுக்கு யாராவது முன்னாடியே இதைச் சொல்லியிருந்தாலும் அவள் மட்டும் கேட்டிருக்கமாட்டாள்.